மூன்று தம்ளர் தண்ணீர்

"வீட்டுக்குள்ள காலை வைக்க விடறதில்லைடி. 'வந்துட்டியா? தண்ணி கொடு!' அதான் முதல் வார்த்தை. ஒரு மாசமா இதே கதை."

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே மாமியார் புராணத்தை ஆரம்பித்தாள் நர்ஸ்.

கூட நடந்தவள் இன்னொரு நர்ஸ், வயதில் இளையவள். வார்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"பக்கத்துல தண்ணி வச்சுட்டு வர்றதில்லையாக்கா?"

"வைக்காம? தலைமாட்டுல ஜக்கு நிறைய வச்சுட்டுத்தான் வர்றேன். சாயங்காலம் பார்த்தா காலி. அவ்வளவும் குடிச்சுட்டு, நான் போனதும் என் கையால இன்னும் மூணு தம்ளர். மடக் மடக்குன்னு! அப்புறம் கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"மருமக கையால குடிச்சாத்தான் தாகம் தீருமோ என்னவோ!"

"தாகமாவது! எல்லாம் அதிகாரம்டி. இடுப்பெலும்பு உடைஞ்சாலும் அது மட்டும் உடையலை."

இருவரும் சிரித்தார்கள். அதற்குள் ஒன்பதாம் கட்டிலில் மணி அடித்தது. அதை முடிப்பதற்குள் இருபதாம் கட்டில். முப்பத்திரண்டு கட்டிலுக்கு இவர்கள் இரண்டே பேர். இருபதாம் கட்டிலுக்கு மூத்தவள் ஓடினாள்.

"பெரியவரே, பாட்டில் அப்படியே இருக்கே? குடிங்க. குடிச்சாத்தான் கல்லு கரையும்."

"ஏம்மா, உனக்கு? உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

பதினொரு மணிக்கு, நல்லாத்தான் இருந்தவளுக்கு வார்டே ஒரு சுற்று சுற்றியது. பக்கத்தில் இருந்த டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

தலைமை நர்ஸ் கண்ணில் அது பட்டுவிட்டது. இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?"

"காலைல மேடம். அஞ்சரைக்கு."

"ஏன்?"

"குடிச்சா பாத்ரூம் போகணும். நான் அங்க போனா இங்க மணி அடிக்கும்."

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கைக்கு வருவதற்கு முன்பே திட்டு வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் உபதேசம், உனக்கு மட்டும் கிடையாதா? நீ விழுந்தா முப்பத்திரண்டு, முப்பத்திமூணு ஆகும். அப்ப யார் பாக்கறது? நாளையிலேருந்து பத்தரைக்குப் பத்து நிமிஷம், மூணுக்குப் பத்து நிமிஷம் இந்த நாற்காலியில உக்காந்து தண்ணி குடிக்கிற. அந்த நேரம் மணி அடிச்சா நான் போறேன். இப்ப வீட்டுக்குப் போய்ப் படு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பட்டப்பகலில் வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று!

போய் என்ன? 'வா, முதல்ல உக்காரு' என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. அம்மா இருந்தவரை சொல்லுவாள். புருஷன் லாரியோடு கிளம்பினால் திரும்பப் பத்து நாள். போனில் பேசினாலும் முதல் கேள்வி, "அம்மா சாப்பிட்டாங்களா?"

ஒரே ஒரு தடவை, யாராவது ஒருத்தர், 'உனக்குக் கால் வலிக்கலையா?' என்று கேட்டால் போதும். அதற்குக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்தபோது கண் கரித்தது. பக்கத்தில் இருந்தவள் பார்க்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தபோது மணி ஒன்றரை.

"யாரு? நீயா? மணி என்ன ஆச்சு?" மாமியார் பதறினாள். கை அவசரமாகத் தலைமாட்டுக்குப் போனது.

அங்கே ஜக்கு இருந்தது. காலையில் வைத்தபடி, விளிம்பு தளும்ப.

"அத்தை, ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலையா?"

"குடிப்பேன், குடிப்பேன். இப்பத்தானே ஒண்ணரை."

"தினமும் சாயங்காலம் காலியா இருக்கே, அது எப்படி?"

மாமியாரின் கண் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

இவள் எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்கக் காய்ந்த மண். ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் ஒரு முழத்துக்குப் புல், பச்சைப் பசேலென்று நின்றது.

இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன பிடிவாதம் இது அத்தை? ஊர் ஜனத்தையெல்லாம் தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கன்னு கெஞ்சிட்டு வர்றேன். என் வீட்டுல நீங்க இப்படிக் காய்ஞ்சு கிடந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? அப்படி என்மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கத்தாதே. அக்கம்பக்கத்துல கேக்கப்போகுது."

"கேக்கட்டும். எனக்குக் காரணம் தெரியணும்."

மாமியார் போர்வையின் ஓரத்தைத் திருகினாள்.

"போன மாசம் ஒருநாள் அடக்க முடியாம படுக்கையை நனைச்சுட்டேன். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லலை. பையைக்கூட இறக்கி வைக்காம விரிப்பை உருவிட்டுப் போய் நின்னு துவைச்ச. இங்கேருந்து பார்த்துட்டே படுத்திருந்தேன். உன் கால் ரெண்டும் அப்படி வீங்கியிருந்துச்சு."

குரல் இறங்கிப்போயிற்று.

"அன்னிலேருந்து, நீ வர்ற வரைக்கும் நான் வாயை நனைக்கறதில்லைம்மா."