கணவாய்க் கடையில் சோதனைக் குப்பி

சொங்க்லா மீன் சந்தையின் காலைக் கூட்டம் முழுவதும் லம்துவானின் கணவாய் மீன் கடையை மொய்த்து நிற்கிறது. வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க. சுகாதார அதிகாரி கன்னிகா, கணவாய் ஊறிய நீரைக் குப்பியில் ஊற்றி அதில் சோதனை மருந்தைச் சொட்டுகிறாள். பிணம் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் கலந்திருந்தால் நீர் சிவக்கும். கடைக்குப் பூட்டு விழும். புது ஆளிடம் மலிவாகப் பிடித்த சரக்கு, லம்துவானுக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை. குப்பி சிவப்பாகத் தெரிகிறது.

“அக்கா, பூட்டு என்கிட்ட இருக்கு, தரவா?” என்கிறான் பக்கத்துக் கடை தவீ. கன்னிகா குப்பியைப் பார்க்கிறாள். பிறகு அண்ணாந்து, வாடிய மீனையும் துள்ளுவதுபோல் காட்டுவதற்காகக் கடைக்காரர்கள் தொங்கவிடும் சிவப்பு விளக்கைப் பார்க்கிறாள். “இத அணைங்கக்கா.” விளக்கு அணைகிறது. வெறும் பகல் வெளிச்சத்தில் குப்பி நீர் பனிக்கட்டிபோல் தெளிந்து நிற்கிறது. “சரக்கு சுத்தம். ஆனா இனிமே இந்த விளக்கு கூடாது.”

“நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போங்கம்மா!” லம்துவானின் குரல் அதற்குள் வியாபாரத்துக்குத் திரும்பிவிடுகிறது. “எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? அரசாங்கமே சோதிச்ச கணவாய்! இனிமே கிலோவுக்கு இருபது பாட் கூடுதல்!”