பதில் எழுதாத புகார்

அந்தக் கண்ணாடிக் கம்பெனியை நிராகரிக்க ஒரு கையெழுத்து போதும். ஆனால் நிராகரிப்பதற்கு முன் அவர்கள் பக்கத்தையும் நேரில் கேட்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதி. அந்த விதியை மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் பட்டறைக்குக் கிளம்பினாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். வேலை கேட்டு வரும் கம்பெனிகள் வெப்சைட்டில் அள்ளிவிடுவதில் எது நிஜம், எது கப்சா என்று பிரிப்பதுதான் அவள் உத்தியோகம். இந்த முறை ஊழியர்களின் குழந்தைகள் காப்பகத்துக்குக் கண்ணாடிக் கதவுகள். நாற்பது பிள்ளைகள் ஓடியாடும் அறை. அதில் ஒருவன் அவள் மகன்.

வந்தவை மூன்று கம்பெனிகள். முதல் வெப்சைட்டில் 'நாங்கள் கட்டியது' என்று போட்டிருந்த மாளிகை, இரண்டாவதிலும் அப்படியே இருந்தது. இரண்டையும் புகழ்ந்த வாடிக்கையாளர்கள் எழுத்துப் பிழைகூட மாறாமல் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் ஓரங்கட்டினாள்.

மூன்றாவதில் மாளிகை இல்லை. 'எங்கள் கண்ணாடி உடைந்தாலும் கிழிக்காது, பொடியாக உதிரும்; அதற்கு அடையாளமாக மூலையில் முத்திரை இருக்கும்' என்று ஒரே ஒரு வாக்குறுதி. அதற்குக் கீழே வாடிக்கையாளர் கருத்துகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புகார்.

'இவர்கள் எங்கள் வீட்டுப் பால்கனிக்குப் போட்டது சாதாரணக் கண்ணாடி. மூலையில் முத்திரையே இல்லை. நான்கு வயதுப் பையன் ஓடிவந்து மோதினான். அவன் இப்போது இல்லை. இவர்களை நம்பாதீர்கள். மூலையை நீங்களே பாருங்கள்.'

ஒன்பது வருடமாக அது அங்கேயே இருந்தது. கதவு இறுகுகிறது என்றவருக்குக்கூட கம்பெனி விழுந்து விழுந்து பதில் எழுதியிருந்தது. இதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறை வாசலை ஒரு பெண்மணி முக்காலி போட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏற்ற வேண்டிய ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் ஈரத்துணியால் துடைத்து, விரலால் தடவி, அப்புறம்தான் தலையசைத்தாள். அவள் தலையசைக்கும்வரை டிரைவரும் கை கட்டி நின்றார்.

உள்ளே போக வேண்டும் என்று பூதக்கண்ணாடி சொன்னதற்கு அந்தப் பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருங்க, இன்னும் நாலு இருக்கு."

வாசலிலேயே இவ்வளவு திமிரா என்று பூதக்கண்ணாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலும் முடிந்த பிறகே வழி கிடைத்தது.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். விரலெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். அவள் உட்காராமலேயே செல்போனை நீட்டினாள்.

"இது உண்மையா?"

"உண்மைம்மா. ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது."

மழுப்புவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இந்த நிதானம் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கதவு இறுகினால் பதில் எழுதத் தெரிகிறது, ஒரு குழந்தை போனதற்கு எழுதத் தெரியாதா என்று பொரிந்து தள்ளினாள்.

"என்னன்னு எழுதறது?" என்றார் அவர். வெப்சைட் பார்த்துக்கொள்பவர் அதை எடுத்துவிடலாம் என்று பலமுறை சொல்லிவிட்டாராம். இதனால் வந்த வேலையெல்லாம் கைநழுவிப் போகிறதாம். இருந்தாலும் எடுக்கப் போவதில்லை என்றார்.

"ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குப் போய் அவங்க முகத்தைப் பாத்தீங்களா?"

அவர் மேஜை மேல் கிடந்த அளவு டேப்பை இழுத்தார், விட்டார்.

"தினமும் போறேம்மா. அது என் வீடு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் முத்திரைக் கண்ணாடி போட்டவர்தான். சொந்த வீட்டுக்கு என்று வரும்போது, யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன சாதாரணக் கண்ணாடி ஒன்று பட்டறையில் கிடந்தது. அளவும் கச்சிதமாக இருந்தது. நம்ம வீடுதானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

"எழுதினது அவனோட அம்மா. அவ எழுதினதை நான் எப்படி எடுப்பேன்? எடுக்கணும்னா அவதான் எடுக்கணும்."

பூதக்கண்ணாடி செல்போனைப் பைக்குள் வைத்தாள். "அவங்க இப்போ எங்க?"

"வாசல்ல உங்களை நிக்க வெச்சாளே, அவதான். மூணு மாசம் வீட்டை விட்டு வெளிய வரலை. ஒரு நாள் அவளாவே வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தா. ஒன்பது வருஷமா அவ விரல் படாம இங்கேருந்து ஒரு கண்ணாடியும் போனதில்லை."

பூதக்கண்ணாடி காப்பகத்துக் கதவுகளின் அளவைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் அடுத்த கண்ணாடி வந்து நின்றிருந்தது. பூதக்கண்ணாடி தயங்கித் தயங்கித் தன் மகனைப் பற்றிச் சொன்னாள். அவனும் அந்த அறையில்தான் விளையாடுவான், மூலையை எல்லாம் நீங்கள் பார்த்துவிட்டால் எனக்குப் போதும், உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றாள்.

அந்த அம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ஈரத்துணியைப் பூதக்கண்ணாடியின் கையில் கொடுத்தாள்.

"நானும் வீட்டுக்காரரை நம்பித்தாம்மா பாக்காம விட்டேன். நீங்களே துடைச்சுப் பாருங்க."