நாற்பத்திரண்டு மூட்டை

கடைசி மூட்டை தோளில் இருக்கும்போது கதவு திறந்தது.

இறக்கி வைக்கவும் நேரமில்லை, ஒளியவும் இடமில்லை. ஐம்பத்தாறு வயதில், காவலாளி உடுப்போடு, கண்காட்சிக்கு வந்த சிற்பத்தை மொத்தமாகப் பிரித்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வந்தவர் அதைச் செய்த சிற்பி.

மணி காலை ஏழரை. கூடம் திறப்பது பத்துக்கு. இந்த நேரத்தில் ஈ காக்கை வராது என்று நம்பித்தான் இறங்கினேன்.

எனக்கு இந்த வேலை கிடைத்து எட்டு மாதம். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் குடோனில் மூட்டை தூக்கினேன். வயதாகிவிட்டது என்று அங்கே கழித்துவிட்டார்கள். இங்கே நிற்கச் சொன்னார்கள்.

“கல்லைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று வீட்டுக்காரி சிரித்தாள்.

நிற்கப் போய்த்தான் பைத்தியம் பிடித்தது. சைக்கிள் செயினில் பின்னிய போர்வை, தகரத்தை வளைத்துச் செய்த மழை, பாதி முகம் மட்டும் செதுக்கி மீதியை விட்டுவிட்ட மரம். அர்த்தமெல்லாம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் லீவு நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இங்கே வந்துவிடுவேன். “ஏம்ப்பா, சிலைக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?” என்பாள் மகள்.

பிறகு இந்த மூட்டைகள் வந்தன.

சிமென்டில் வார்த்த நாற்பத்திரண்டு மூட்டை. உள்ளே வெற்றிடம், ஓர் ஆள் தூக்கக்கூடிய கனம்தான். சாக்கின் இழை, வாய் தைத்த சணல், ஈரம் பட்ட மடிப்பு எல்லாம் அச்சு அசலாக இருந்தது. கொக்கி குத்தி இழுத்த ஓட்டைகூட இருந்தது. முதல் நாள் அந்த ஓட்டையைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுக்கியதுதான் தப்பு.

மூட்டை அடுக்குவதை நாங்கள் அட்டி போடுவது என்போம். ஒரு வரிசை நெடுக்கே போனால் அதன்மேல் வரிசை குறுக்கே போகவேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். மூட்டையின் வாய் உள்பக்கம் பார்க்கவேண்டும். இங்கே ஏழு வரிசையும் நெடுக்கே. வாயெல்லாம் வெளியே. உச்சியில் சாய்வு வேறு.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இதன் எதிரே நிற்கவேண்டும். பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி.

அதிகாரியிடம் சொன்னேன். “அது கலைங்க. அப்படித்தான் இருக்கும்” என்றார்.

மூன்று வாரம் பொறுத்தேன். இவ்வளவு அருமையாகச் செய்தவருக்கு அடுக்கவா தெரியாது? லாரியிலிருந்து இறக்கிய பயல்கள் அவசரத்தில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஒரு சிலைமேல் சாய்ந்து நின்றதற்கே எனக்கு முன்னால் இருந்த காவலாளியை அனுப்பிவிட்டார்கள். மேலே கேமரா இருக்கிறது. எல்லாம் தெரியும். கை கேட்கவில்லை.

சிற்பி அட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். போகிற போக்கில் உண்மையையாவது சொல்லிவிடலாம்.

“அப்படியே விட்டா சரிஞ்சுரும் சார்.”

அவர் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு தோளைக் கொடுத்து, முழுப் பலத்தோடு தள்ளினார். தரையில் அவர் செருப்புதான் கிறீச்சிட்டது. அட்டி விரற்கடை நகரவில்லை.

“சரிஞ்சுதான் போச்சு அண்ணே” என்றார். “பத்தொம்பது வயசுல நான் போட்ட முதல் அட்டி. நீங்க பிரிச்சது அதோட அச்சு. ஒரு மூட்டை மாறல.”

மூட்டை தூக்கியவன் இதற்குமேல் கேட்பதற்கு ஒரு கேள்விதான் உண்டு.

“கீழ யாரு சார் இருந்தது?”

“எங்கண்ணன்.”

உயிரோடு இருக்கிறாரா என்று என் முகமே கேட்டிருக்கவேண்டும்.

“இருக்காரு, இருக்காரு. ஒரு கால் போச்சு. வாய் மட்டும் குறையல” என்று சிரித்தார்.

பதினோரு ஊரில் அதை அப்படியே வைத்திருக்கிறார். எந்த ஊருக்கும் அண்ணன் பார்க்க வரவில்லை. இன்றைக்குப் பத்து மணிக்கு வருகிறாராம். இவருக்குத் தூக்கம் பிடிக்காமல் விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டார்.

“பழையபடி வெச்சிரட்டுமா சார்?”

கேட்டுவிட்டேனே தவிர, அந்த மாதிரி அடுக்க என் கைக்கு வருமா என்பது சந்தேகம்தான்.

அவர் கிட்டே வந்து, முழங்காலை மடக்கி, என் தோளிலிருந்த மூட்டையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டார். வாங்கிய விதத்திலேயே குடோன்காரர் என்று தெரிந்தது. உச்சி வரிசையில் மிச்சமிருந்த இடத்தில் வைத்து, வாயை உள்பக்கம் திருப்பி, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.

பிறகு கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

“ஆபீஸ்ல கேட்டா, நான்தான் அடுக்கினேன்னு சொல்லிருங்க அண்ணே.”

கதவு வரை போனவர் திரும்பினார்.

“எங்கண்ணன் கேட்டாலும் அதையே சொல்லுங்க.”