மூன்றாம் வகுப்பு

மலாயாவில், தாப்பா ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வீட்டு முற்றத்தில், மழை விட்ட காலை வெயிலில், பூமணி பெட்டித் துணிகளை உலர்த்துகிறாள். பட்டு வேட்டி மடிப்பிலிருந்து கணவர் அம்பலவாணரின் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிச் சான்றிதழ் நழுவி விழுகிறது. மூன்றாம் வகுப்பு என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் கலியாணத் தரகர் முதல் வகுப்பென்றுதான் சொல்லியிருந்தார். "இதோடயோ ஸ்டேசன் மாஸ்டர் ஆனீங்கள்?" என்கிறாள். சவரம் செய்துகொண்டிருந்தவர் நுரை முகத்தோடு திரும்புகிறார். "வேலைக்கு இதை ஆரும் பாக்கேல்லை. தந்தி தட்டுறதைக் கேட்டு எழுதச் சொன்னவங்கள், எழுதினன். பொம்பிளை பாக்க வந்தண்டு உம்மட அப்பாதான் கேட்டு வாங்கிப் பாத்தவர்." "பாத்திட்டு?" "மடிச்சுத் தந்திட்டு, சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டவர்." பூமணி சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறாள். ஈப்போவில் பிறந்த வீட்டு அடுப்படி வாசலில் அப்பா வந்து நின்று, மாப்பிள்ளைக்கு இன்னோர் இலை போடச் சொன்ன அந்த மத்தியானம் நினைவில் வருகிறது; சான்றிதழைப் பார்த்த பிறகும் அப்பாவின் முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது.