யாராவது தட்டுங்களேன்

‘டம்... டம்... டம்...’ என்று தரைக்கு அடியிலிருந்து இடி கிளம்பியதும் அப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் பனியனோடு போக முடியாதே.

"பேசாம உக்காருங்க" என்றாள் அம்மா. "நீங்க போய் ஏதாவது உளறி, அவர் நேரா வீட்டு ஓனருக்குப் போனைப் போட்டுட்டா?"

அதுதான் பயம். கீழ்வீட்டிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் அந்த மாதமே காலி செய்ய வேண்டும் என்று குடிவந்த அன்றே ஓனர் கறாராகச் சொல்லியிருந்தார். கீழ்வீட்டுக்காரர் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், தனி ஆள். சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் இவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடுகடு.

படிக்கட்டில் எதிர்ப்பட்டால் கைப்பிடியை விரலால் தட்டிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுப்பார். இவர்கள் ‘அவசரம் சார்’ என்று சிட்டாய்ப் பறந்துவிடுவார்கள்.

இடிக்குக் காரணம் உள்ளறையில் இருந்தது. காதில் ஹெட்போன், கையில் கிட்டார், எதிரே மைக். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போனாள்.

"நாலு சுவரும் என்னைக் கேட்டுத் தூங்கிப்போச்சு,
நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே மறந்துபோச்சு,
யாராவது தட்டுங்களேன்! யாராவது தட்டுங்களேன்!"

‘டம் டம்! டம் டம்!’ என்றது தரை.

"இவ தட்டச் சொல்றா, அவர் தட்டறார். இதுல யாரைக் குத்தம் சொல்றது?" என்றார் அப்பா. அம்மா முறைத்த முறைப்பில் சட்டைப் பொத்தானைப் போடுவதில் மும்முரமானார்.

பாட்டு முடிந்து மகள் ஹெட்போனைக் கழற்றினாள். "இப்பவும் இடிச்சாரா?"

"கேக்கணுமா? கட்டிலே ஆடிச்சு" என்றாள் அம்மா. "மனுஷனுக்கு அப்படி என்னதான் வன்மமோ. நேத்து நான் பீரோவை இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்கு இழுத்தேன், வீடே அதிர்ந்துச்சு. அப்ப கீழ மூச்சு பேச்சில்ல. உன் பாட்டுதான் அவருக்கு ஆகல."

"அவருக்கு மட்டுமா?" என்றாள் மகள்.

பத்தொன்பது வயது. மூன்று பேராக ஆரம்பித்த ராக் குழு. டிரம்ஸ் வாசித்தவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். பேஸ் கிட்டார்க்காரி ‘இந்தப் பாட்டையெல்லாம் யாருடி கேப்பா?’ என்று கழன்றுகொண்டாள். கல்லூரியில் போட்டுக் காட்டியபோது அழுமூஞ்சிப் பாட்டு என்று சிரித்தார்கள். அப்பாவோ ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்பதை அகராதியில் தேடி, மாற்று என்று கண்டுபிடித்து, "எதுக்கு மாத்து பாப்பா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி.

புதுக் குழுக்களுக்கான வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு இன்று மாலைக்குள் பாட்டை அனுப்ப வேண்டும். இதுவும் போனால் கிட்டாரைப் பரணில் ஏற்றிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

பதிவானதைப் போட்டாள். மூவரும் கேட்டார்கள். குரலுக்கு அடியில் அத்தனை இடியும் ஒன்று விடாமல் விழுந்திருந்தது. அப்பாவின் கால் மட்டும் என்னவோ தானாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மா தன் காலால் அதை மிதித்து நிறுத்தினாள்.

"எல்லாம் கெட்டுப்போச்சு" என்றாள் மகள். "உலகத்துல ஒருத்தருக்கும் வேணாம்னா எனக்கு மட்டும் எதுக்கு இது?"

கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாள். பாட்டை நிறுத்து நிறுத்து என்று நச்சரித்தவளும் அம்மாதான், நிறுத்திவிட்டாளே என்று இப்போது தவிப்பவளும் அவள்தான்.

அழைப்பு மணி அடித்தது.

அப்பா கதவைத் திறந்தார். கடுகடு! வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், கையில் நீளமாக ஒட்டடைக் கம்பு.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அப்பா மூச்சு விடாமல் ஆரம்பித்தார். "சின்னப் பொண்ணு, ஏதோ ஆசைல பாடிட்டா. ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இனிமே பாடவே மாட்டா சார். பாருங்க, கிட்டாரைக்கூட மூட்டை கட்டியாச்சு."

"மூட்டை கட்டியாச்சா?"

கடுகடுவின் முகம் தொங்கிப்போனது. கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். உறையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டாவது சரணத்துல நான்தாம்மா கொஞ்சம் முந்திட்டேன்... இன்னொரு தடவை பாடறியா, சரியாத் தட்டிடறேன்."