இருபத்திமூன்றாவது கேள்வி

“இருபத்திரெண்டு. நீங்க கட்டின வீட்டுல எதுலயாவது சுவர் விரிசல் விட்டிருக்கா?”

கையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஆடிட்டர் கேட்டார். எதிரே கான்ட்ராக்டரின் டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“விட்டிருக்கு சார். ரெண்டு வீட்டுல. போய் சரி பண்ணிக் குடுத்தேன்.”

‘விரிசல் – உண்டு’ என்று எழுதி, அடிக்கோடு போட்டார் ஆடிட்டர்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். புது வீடு கட்ட விசாரித்ததில் இவர் ஏழாவது ஆள். ஒருத்தர் செருப்பைக் கோணலாக விட்டார் என்பதற்காகக் கழிக்கப்பட்டார். இன்னொருத்தர், தான் வீடு கட்டிக் கொடுத்த ஒருவரின் நம்பர் என்று தன் மச்சான் நம்பரைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மற்ற நாலு பேரும் கேள்வித்தாளைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டார்கள்.

இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய ஒரு வருஷம் கெடு. அதில் நாலு மாதம் கேள்வி கேட்டே போயாயிற்று.

“போதும்ங்க. இவரையும் விரட்டிடாதீங்க.”

“நீ சும்மா இரு. விசாரிக்காமத்தானே அந்த கார்பென்டர்கிட்ட மாட்டினோம். ஒரு அலமாரிக்கு ரெண்டு மாசம்.”

“கதவை மூணு தடவை மாத்தச் சொன்னது யாரு?”

ஆடிட்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கான்ட்ராக்டரிடம் திரும்பினார்.

“போன மாசம் ஒரு ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க. பெஞ்சு செய்யற வேலையை அந்த ஆளுக்குக் குடுக்கலாமான்னு. வாசப்படி ஏத்தாதீங்கன்னு சொல்லிட்டேன். அவங்களும் குடுக்கல. நாலு பேருக்கு உள்ளதைச் சொல்லணும் இல்லையா?”

கான்ட்ராக்டர் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார்.

“சார், எனக்கும் ஒரே ஒரு கேள்வி. நானும் விசாரிச்சுத்தான் வேலை எடுப்பேன். உங்ககிட்ட வேலை பாத்த ஒருத்தர் நம்பர் குடுங்க.”

ஆடிட்டர் செல்போனை எடுத்தார். பெயின்டர் பாதியில் போனவர். பிளம்பர் இப்போதெல்லாம் போனையே எடுப்பதில்லை. விரல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

“அந்த கார்பென்டர் நம்பரே போதும் சார்.”

“அவன் எதுக்கு? அவன் என்ன சொல்லுவான்னு...”

“நான் சொல்றேன், எழுதிக்குங்க” என்று மனைவி தன் போனைப் பார்த்து நம்பரை வாசித்தாள்.

கான்ட்ராக்டர் வெளியே போய்ப் பேசினார். உள்ளே “ம்... ம்... அப்படியா” என்பது மட்டும்தான் கேட்டது. ஆடிட்டர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஏழாவதும் போச்சு” என்றாள் மனைவி.

கான்ட்ராக்டர் உள்ளே வந்தார்.

“திங்கட்கிழமை மனையை அளக்க வர்றேன் சார்.”

ஆடிட்டரால் நம்ப முடியவில்லை. “அவன்... அவர் என்ன சொன்னார்?”

“நல்ல மனுஷங்க, சார் கொஞ்சம் கேள்வி கேப்பார், அவ்வளவுதான், தைரியமா எடுங்கன்னார்.”

மனைவிதான் மெல்லக் கேட்டாள்.

“அந்த ஸ்கூல் வேலை எதனால போச்சுன்னு அவருக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. ‘அதைப் பத்தி சார்கிட்ட பேசிடாதீங்க, சங்கடப்படுவார்’னு சொன்னார்.”