வேகத்தடை

"வேகத்தடை வரலை சார். அவரோட வீட்டம்மா வந்திருக்காங்க," என்று கதவிடுக்கில் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார் கிளார்க்.

போக்குவரத்து இன்ஜினியருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த மனிதரிடம் சொல்வதற்கென்றே இரண்டு வாக்கியங்களைக் காலையில் குளிக்கும்போது ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

வேகத்தடை என்பது அலுவலகம் வைத்த பெயர். அவருடைய தெருவைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றச் சொல்லி எந்த விண்ணப்பம் வந்தாலும், அவருடைய ஆட்சேபத்தில் முட்டி நின்றுவிடும். இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறது. இப்போது தெருக்கோடிக் காலி மனையில் நாலு மாடி வணிக வளாகம் கட்ட மூன்றாவது விண்ணப்பம்.

அந்த அம்மாள் துணிப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார் ஏன்மா வரலை? என் மேல கோபமா?"

"அவரால வர முடியலை தம்பி. நானே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க தெரு ஏற்கெனவே நெரிசலான தெருன்னு எழுதியிருக்கீங்களாமே? நடுத்தெருவுல நாய் படுத்தா, அதுவா எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு வண்டி வராது. என் பேத்தி அங்கதான் சைக்கிள் கத்துக்கிட்டா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எண்ணிப் பார்த்தா வேற மாதிரி இருக்கே!"

"இருந்தா என்ன ஆகும்?"

"தெரு அமைதியா இருந்திருந்தா, வளாகம் வந்தா அது கெட்டுடும்னு மறுத்திருக்கலாம். குறைஞ்சபட்சம் பகல்ல லாரி வரக்கூடாது, ஒருவழிப் பாதை, வேகத்தடை..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார் இன்ஜினியர்.

"பரவாயில்லை தம்பி. இங்க வெச்ச பேர் அவருக்கும் தெரியும். யாராவது சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பார்."

"...அப்படி நிபந்தனையாவது போட்டிருக்கலாம். ஏற்கெனவே நெரியற தெருன்னா, கூட நாலு வண்டி வந்து என்ன குடிமுழுகிடப்போகுதுன்னு விட்டுடுவாங்கம்மா. நிபந்தனையும் கிடையாது."

"எண்ண வந்த ஆள் தூங்கிட்டானா?"

"ஆளே இல்லை. போன தடவை ஓரமா நாற்காலி போட்டு ஒருத்தரை உட்கார வெச்சோம். உங்க வீட்டுக்காரர்தான் இங்க வந்து சத்தம் போட்டார். 'ஆளுன்னா விலைபோவான், மெஷின் வைங்க'ன்னு. அவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்தத் தடவை மெஷின். தெருவுக்குக் குறுக்கே கறுப்பா ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தோமே, பார்க்கலை? மேல ஏறுற சக்கரத்தை அது எண்ணும். யார் வண்டி, எதுக்கு வந்துச்சு, அதெல்லாம் அதுக்குத் தெரியாது."

"பார்த்தேன். யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

குளியலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்று, 'நீங்க கேட்ட மெஷினே உங்களைக் கவுத்துடுச்சு சார்' என்பது. இரண்டு முறை தன்னைத் தோற்கடித்தவரை ஒருமுறை ஜெயித்துவிட்ட குஷியில் யோசித்தது. இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. போன தடவை ஆய்வுக்குப் போனபோது, தன் வீட்டுத் தோட்டத்தைக் காட்டுவதுபோல அந்தத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடத்திக் காட்டியவர் இந்த அம்மாளின் கணவர். நல்ல வெயில். குடையை இன்ஜினியர் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கும்மா. மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கலாம். ஆனா ஆட்சேபத்துல கையெழுத்துப் போட்டவர் நேர்ல வந்து கேட்கணும். கமிஷனர் சாப்பிடப் போறதுக்குள்ள வளாகத்துக்கான உத்தரவுல கையெழுத்துப் போட்டுடுவார். சாரை ஒரு வண்டி பிடிச்சு வரச் சொல்லுங்க. உடம்பு சரியில்லைன்னாலும் நானே கைத்தாங்கலா மாடி ஏத்திடறேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் கேட்டா?"

"செல்லாதும்மா."

அந்த அம்மாள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். "என்னைக்குத் தம்பி எண்ணினீங்க?"

இன்ஜினியர் அறிக்கையைப் புரட்டினார். "போன மாசம் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. காலையிலேர்ந்து இருட்டுற வரைக்கும் வண்டி குறையவே இல்லை. ஏம்மா, அன்னிக்கு உங்க தெருவுல ஏதாவது விசேஷமா? இருந்தாச் சொல்லுங்க."

பையின் காதைத் திருகிய விரல்கள் நின்றுபோயின.

கிளார்க் மறுபடி தலையை நீட்டினார். "சார், கமிஷனர் பேனாவைத் திறந்துட்டார். ஃபைலைக் கேட்கிறார்."

"ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுய்யா!" என்று எரிந்து விழுந்தார் இன்ஜினியர். அப்புறம் அந்த அம்மாளிடம், "சொல்லுங்கம்மா," என்றார்.

"அவர் மனு எழுதிக் குடுத்துக் காப்பாத்தின தெருக்காரங்க அத்தனை பேரும் அன்னிக்கு வந்தாங்க தம்பி. வண்டியை நிறுத்த இடமில்லாம சுத்திச் சுத்தி வந்தாங்க. சொன்னா, ஆளோட ஆட்சேபமும் போச்சுன்னு நீங்க ஃபைலை மூடிடுவீங்களோன்னுதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்கலை," என்றார் அந்த அம்மாள். "நீங்க எண்ணின வண்டியில ஒண்ணு, அவரைக் கொண்டுபோன வண்டி."